மழை வீட்டை முடித்தவர்

திருநகர் ஆறாவது ஸ்டாப்பில் கேமரா மாட்டுகிற செல்வக்குமார் என்றால் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நகைக்கடை, மருந்துக்கடை, கூடப் பிறந்த தம்பியையே நம்பாத வீட்டுக்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் அவன்தான் மூலை பார்த்து கேமரா மாட்டிக் கொடுப்பான். ஏணியில் ஏறுவதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பான். "அண்ணே, திருட வாரவன் இந்த பீரோவுக்குப் பின்னாடிதான் பதுங்குவான். கேமராவை இங்கிட்டு வச்சா அவன் தலைமுடிகூடத் தெரியாது" என்பான். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைய வேலை கெட்டது. ஏணியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மழை வீட்டை முடித்த கதையை ஆரம்பித்துவிடுவான்.

மழை வீடு என்பது ஒரு பழைய பேய் வீடியோ கேம். அதை முடித்த கதையை இவன் சொல்லிக் கேட்காதவர்கள் திருநகரில் குறைவு. "முடிச்சவரு வந்துட்டாரு" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் கேட்டு, மதுரைக்காரர்கள் 'முடிச்சவன்' என்றால் ஆளைத்தான் முடித்திருப்பார்கள் என்று நினைத்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு. செல்வக்குமாருக்கு அதிலும் பெருமைதான்.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. வாழ்க்கையில் அவன் முடித்தது என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நின்றது. துபாய்க்குப் போக எடுத்த பாஸ்போர்ட், எந்த ஊரையும் பார்க்காமலே காலாவதியானது. அவனியாபுரத்துப் பக்கம் வீடு கட்டப் போட்ட அஸ்திவாரத்தில் இப்போது ஆடு கட்டிக் கிடக்கிறது. மழை வீடு ஒன்றுதான் உருப்படியாக முடிந்த காரியம்.

அவனுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, வில்லாபுரத்தில் பேயாண்டி அண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். இரண்டு டிவி, இரண்டு பிளே ஸ்டேஷன், ஒரு டேபிள் ஃபேன். அந்த ஃபேனும் அண்ணன் பக்கம்தான் திரும்பியிருக்கும். சென்னையிலிருந்து அவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்த காப்பி டிஸ்க்குகளில் ஒன்று முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரு பெரிய பங்களா, விடாத மழை, கையில் துப்பாக்கியோடு ஒரு இளம்பெண். ஈரச் சட்டையும் தொங்கிய தலையுமாக அவளை நோக்கி நடந்து வருகிறவர்களுக்குக் கடைப் பையன்கள் 'நனைஞ்சவங்க' என்று பெயர் வைத்தார்கள். கேமுக்கு மழை வீடு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அது பொறுமையைச் சோதிக்கிற கேம். பெண்ணை நினைத்த திசைக்கு ஓடவிட முடியாது. நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றித் திருப்பி, அப்புறம்தான் நடக்கவிட வேண்டும். கேமரா அறையின் ஏதோ ஒரு மூலையில் ஆணி அடித்ததுபோல நிற்கும். இரண்டடி எடுத்து வைத்தால் வேறு மூலைக்குத் தாவும். எதிரே என்ன நிற்கிறது என்று தெரியாது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். குண்டுகள் எண்ணித்தான் கிடைக்கும். அங்கங்கே இருக்கும் விளக்குகளில் ஒரு புட்டி எண்ணெய் ஊற்றி ஏற்றினால்தான் அதுவரை ஆடியது பதிவாகும், எண்ணெயும் அரிதாகத்தான் கிடைக்கும். மற்ற பையன்கள் இரண்டாவது நாளே கிரிக்கெட் கேமுக்குத் திரும்பிவிட்டார்கள். செல்வக்குமார் மட்டும் பதினேழு நாள் விடவில்லை.

பதினேழாம் நாள் சாயங்காலம் கடைக்குள் நிற்க இடமில்லை. அந்தப் பெண் பங்களாவின் பின்பக்கத்து இரும்புக் கதவுக்கு வந்து சேர்ந்தாள். சாவி பொருந்தியது. கதவு திறந்தது. திரை முழுக்க இருட்டாகி, மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அதே இருட்டு, அதே மழை. "படம் முடிஞ்சா பேரெல்லாம் ஓடணுமேண்ணே" என்று ஒருவன் சந்தேகம் கேட்டான். பேயாண்டி அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜப்பான்காரன் இப்பிடித்தான்டா முடிப்பான். அவன் என்ன நம்மள மாதிரி வணக்கம் போடுவானா? முடிஞ்சிருச்சு!" என்றார். கடையே கைதட்டியது. அண்ணன் யாருக்கும் ஓசியில் எதுவும் தராதவர், அன்றைக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் கீறல் விழுந்து ஓடாமல் போனது. ஆகவே மழை வீட்டை முடித்தவன் என்று ஊரில் ஒரே ஒருவன்தான்.

சமயநல்லூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று, இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். முனீஸ்வரி தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் வேர்த்துக் கொட்டிய செல்வக்குமார், மழை வீட்டைச் சொல்ல ஆரம்பித்தான். தம்பியைத் தேடி வரும் அந்தப் பெண், தம்பியைப் பிடித்து அடைத்து வைத்திருக்கும் சக்கர நாற்காலிக் கிழவி, கடைசிக் கதவு, இருட்டு, மழை. ஜப்பானிய எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவன் இருபது நிமிடம் வசனத்தோடு சொன்னான். கீழே இறங்கி வந்த முனீஸ்வரி தன் அம்மாவிடம், "நல்லாப் பேசுறாரும்மா" என்றாள். கல்யாணம் முடிந்தது. பதினாலு வருடத்தில் அந்தக் கதையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கிற இடத்தில் "அப்புறம்?" என்று கேட்பாள். "அப்புறம் என்ன, முடிஞ்சிருச்சு" என்பான் அவன். அப்போது அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் மாசியில், முனீஸ்வரியின் தம்பி அருள்பாண்டி ஒரு லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். "மாமா, கண்ணை மூடுங்க" என்றான். திறந்து பார்த்தால் திரையில் அதே பங்களா, அதே மழை. பழைய கேம்களைத் தூசி தட்டி இப்போது மறுபடி விற்கிறார்களாம். இது இங்கிலீஷில் வந்திருக்கிறது. ஆட்டம், கேமரா எல்லாம் பழையபடியே. "முடிச்ச கை, ஒரு தடவை காட்டுங்க மாமா" என்றான்.

செல்வக்குமார் உட்கார்ந்தான். முதல் தாழ்வாரத்தில் ஒரு நனைஞ்சவன் வந்தான். பெண்ணைத் திருப்புகிறேன் என்று அவளைச் சுவரோடு முட்டவிட்டான். ஆறு குண்டில் ஐந்து ஜன்னலில் பட்டது. இரண்டே நிமிடத்தில் அவள் செத்தாள். மறுபடி ஆடினான், மறுபடி செத்தாள். பன்னிரண்டு வயது மகள் தமிழ்வாணி, "என்னப்பா, லாரிய ரிவர்ஸ் எடுக்குற மாதிரி திருப்புறீங்க" என்று சிரித்தாள். "பொத்தானெல்லாம் இதுல வேற மாதிரி இருக்கு. முடிச்சதை எதுக்கு மறுபடி ஆடிக்கிட்டு" என்று எழுந்துவிட்டான். அருள்பாண்டி விட்டுவிட்டுப் போன லேப்டாப் அதற்குப் பிறகு அலமாரியில் துணிக்கு மேல் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துத் திறந்தவள் முனீஸ்வரி.

அவள் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்டு வருகிறவர்கள் மேசையை மறித்துக்கொண்டு நிற்க, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்க, ஒரு எழுத்துப் பிழைக்காக முழுப் படிவத்தையும் மறுபடி அடித்துப் பழகிய கை. மழை வீட்டின் மந்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. கேமரா மூலைக்கு மூலை தாவியதும் அவளைக் குழப்பவில்லை. நனைஞ்சவன் வந்தால் சுடமாட்டாள். அவன் கை தூக்குகிற நேரத்தில் பக்கவாட்டில் நழுவி ஓடிவிடுவாள். "எதுக்குங்க சுடணும்? அவனே மெதுவாத்தான வாரான்" என்றாள். பழைய விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் பங்களாவின் வரைபடத்தை அவளே போட்டாள். எந்தக் கதவு பூட்டு, எந்த அறையில் எண்ணெய் என்று குறித்து வைத்தாள்.

முதல் வாரம் செல்வக்குமார் பெரிய மனதோடு பார்த்துக்கொண்டிருந்தான். எப்படியும் சமையலறையைத் தாண்டுகிற இடத்தில் மாட்டுவாள் என்று நினைத்தான். அங்கேதான் அவன் நாலு நாள் மாட்டிக் கிடந்தான். அவள் அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அடுப்பில் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் தாண்டினாள். அவனுக்கு வயிறு எரிந்தது. தன் மனைவி கெட்டிக்காரியாக இருப்பதில் என்ன வயிற்றெரிச்சல் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். கேட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

பிறகு அவள் அவனுடைய கதையிலும் கை வைத்தாள். "ஏங்க, அந்தச் சக்கர நாற்காலி அம்மா கெட்டவ இல்லைங்க. அவ எழுதின கடிதம் இங்க இருக்கு பாருங்க. பூட்டின கதவையெல்லாம் தொறந்து விடுறதே அவதான்."

"அது இங்கிலீஷ்ல மாத்திட்டாய்ங்க" என்றான் செல்வக்குமார்.

"தம்பியும் இல்லை. அது அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு."

"அதையும் மாத்திட்டாய்ங்க."

தலையை மட்டும் ஆட்டினாள். மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அந்த வழியும் இல்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் சரண்யாதேவி என்று ஒருத்தி. அவள் தினமும் காலையில் போன் செய்து, "அக்கா, எங்க வரைக்கும் வந்தீக?" என்று கேட்க ஆரம்பித்தாள். மகள் தமிழ்வாணி இப்போது அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பயந்து பயந்து, துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் கதை சொன்ன காலத்தில் ஒரு நாளும் அவள் அப்படிப் பயந்ததில்லை. "விளக்கு வச்சிட்டியாம்மா?" என்று மகள் கேட்பாள். "வச்சாச்சு" என்பாள் முனீஸ்வரி. பதிவு செய்வதற்குக் கடைப் பையன்கள் அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது, செல்வக்குமார் சொல்லிக் கொடுத்தது. தன் வார்த்தை தன்னைச் சேர்க்காமலே அந்த வீட்டில் புழங்குவதைக் கேட்டு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவான். அங்கே "முடிச்சவரு வந்துட்டாரு" என்பார்கள். முன்போல இனிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அவன் செய்த காரியம் இருக்கிறதே, அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மருந்துக்கடை வேலை சீக்கிரம் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தான். வீட்டில் யாரும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் கடைசியாகப் பதிந்த இடத்தை எடுத்தான். அவள் சிறுவாட்டுப் பணம் மாதிரிச் சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது குண்டுகள் அதில் இருந்தன. அந்தப் பெண்ணை ஒரு சுவருக்கு எதிரே திருப்பி நிறுத்தினான். பத்தொன்பதையும் சுவரில் சுட்டான். ஒரு புட்டி எண்ணெயையும் செலவழித்து விளக்கேற்றி, அவளுடைய பதிவின் மேலேயே பதிந்து வைத்தான். நாற்பது வயது ஆம்பிளை, கேமரா மாட்டி ஊர்த் திருட்டையெல்லாம் பிடிக்கிறவன், தன் பெண்டாட்டியின் குண்டைத் திருடிவிட்டு முகம் கழுவி, தானே காப்பி போட்டுக் குடித்தான்.

சாயங்காலம் முனீஸ்வரி திறந்து பார்த்தாள். "குண்டெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

"பழைய கேம்தான. தானாக் குறையும்" என்றான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஓ" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு குண்டுகூட இல்லாமல் மிச்ச பங்களாவை நடந்தே கடந்தாள்.

பங்குனி முடிவதற்குள் அவள் இரும்புக் கதவுக்கு வந்துவிட்டாள் என்று தமிழ்வாணி சொன்னாள். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் முடித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி குண்டே இல்லாமல் முடித்தவள் என்று ஆகிவிடும். மறுநாளிலிருந்து அவள் லேப்டாப்பை எடுக்கவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்து, போகிற போக்கில் கேட்பதுபோல, "என்ன, கேமை விட்டுட்டியா?" என்றான்.

"ஆமாங்க, சலிச்சுப்போச்சு" என்றாள், கீரை ஆய்ந்தபடி. அந்த நிமிடம் அவனுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அவனே கீரைத்தண்டை எடுத்து நார் உரித்துக் கொடுத்தான்.

சித்திரை மாதம் சமயநல்லூரில் அருள்பாண்டி கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ப்பு. காலையிலேயே சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். பந்தி முடிந்து எல்லோரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அருள்பாண்டி சத்தமாகக் கேட்டான். "யக்கா, மாமா முடிச்ச கேமை நீ ஆடுனியாமே. பாப்பா சொல்லுச்சு. எங்க வரைக்கும் போன?"

கூடம் முழுக்க முனீஸ்வரியைப் பார்த்தது. செல்வக்குமார் கையில் இருந்த பாயச டம்ளரைப் பார்த்தான்.

"அந்தக் கதவு வரைக்கும்தான்டா" என்றாள் அவள். "தொறந்தா ஒரே இருட்டு. மழைச் சத்தம். அம்புட்டுதான், முடிஞ்சிருது. உங்க மாமா சொல்லுவாகள்ல, அதேதான்."

"பாத்தீங்களா, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அருள்பாண்டி தொடையில் தட்டினான். இதுவரை கேட்காத இரண்டு பேர் சொல்லச் சொன்னார்கள் என்று செல்வக்குமார் முதலிலிருந்து கதையைச் சொன்னான். அன்றைக்கு ரொம்ப நன்றாக வந்தது. சக்கர நாற்காலிக் கிழவியின் சிரிப்பைக்கூடச் சிரித்துக் காட்டினான். இரண்டாவது டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. முனீஸ்வரி பட்டுச்சேலையை உதறிக் கொடியில் போட மாடிக்குப் போனாள். தமிழ்வாணி தூங்கிவிட்டாள். செல்வக்குமாருக்குத் தன் முடிவை இன்னொரு தடவை தானே பார்க்க ஆசை வந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த இருட்டைப் பார்த்து, அந்த மழையைக் கேட்க வேண்டும். லேப்டாப்பைத் திறந்து, கதவுக்கு முன்னால் அவள் பதிந்திருந்த இடத்தை எடுத்தான். சாவியைப் போட்டான். கதவு திறந்தது. திரை இருண்டது. மழை பெய்தது.

இரண்டு விநாடிதான். இருட்டு விலகி, மழையில் நனைந்த ஒரு நீளமான தோட்டம் தெரிந்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் முதல் பங்களாவைவிடப் பெரிதாக இன்னொரு பங்களா நின்றது. அந்தப் பெண் ஈரத் தலையோடு நின்று, அடுத்து எங்கே போவது என்று கேட்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வில்லாபுரத்தில் டிஸ்க் அந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதிவுகளின் பட்டியலை இறக்கிப் பார்த்தான். கதவுக்கு அப்புறம் முனீஸ்வரியின் பதிவுகள் பதினொன்று இருந்தன. தோட்டம், கிணற்றடி, இரண்டாவது பங்களாவின் மாடி. கடைசிப் பதிவின் பக்கத்தில் 'கம்ப்ளீட்' என்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, எல்லாம் பகல் ஒரு மணி, ஒன்றரை மணி. சாப்பாட்டு நேரத்துக்கு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாதபோது ஆடியிருக்கிறாள்.

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, திரையைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"முடிச்சிட்ட" என்றான் செல்வக்குமார்.

"ம்."

"அம்புட்டுப் பேருக்கு முன்னாடி எதுக்குப் பொய் சொன்ன?"

"வேற என்ன சொல்ல?" என்றாள். கொஞ்சம் கழித்து, "குண்டையெல்லாம் தீத்தது நீங்கதான்னும் தெரியும். எப்பப் பதிஞ்சதுன்னு அதுலயே போட்டிருக்கு. நாலு மணிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன்" என்றாள்.

அவன் தலை தொங்கியது. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "எனக்குப் பொறாமையா இருந்துச்சு முனீசு. இப்பவும்தான் இருக்கு" என்றான்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்? பதினாலு வருசமா உக்காந்து கேக்குறேன். நான் இதைச் செஞ்சேன்னு சொல்லிக்கிற மாதிரி உங்களுக்கு ஒண்ணு இருந்துச்சு. எனக்கு என்ன இருந்துச்சு? ஊரு சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன், என் பேருல ஒண்ணுமில்லை. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் இதைத் தொட்டேன். முடிச்ச அன்னைக்கு யார்ட்டயாவது சொல்லணும்னு வாய் துடிச்சுச்சு. சொன்னா உங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். சாப்பாட்டை மூடி வச்சிட்டு ஆபீசுக்குப் போயிட்டேன்."

செல்வக்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தை அவன் பதினாலு வருடமாகக் கதவு திறக்கிற இடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான், தன் கதை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறான். அந்த முகத்தில் இப்படி ஒன்று இருந்ததை அவன் கவனித்ததே இல்லை. போனை எடுத்தான். அருள்பாண்டியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். புது வீட்டில் இன்னும் ஆள் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"மாப்ள, எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க மாமா. என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"நான் அந்த கேமை முடிக்கலடா. அந்தக் கதவு பாதிதான். அதுக்கு மேல எம்புட்டோ இருக்கு. உங்க அக்காதான் முடிச்சிருக்கா. ஒத்தக் குண்டு இல்லாம முடிச்சிருக்கா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போனை வையி, அவ சொல்லுவா."

முனீஸ்வரி வேண்டாம் என்று கையாட்டினாள். அவன் போனை அவள் மடியில் வைத்தான். அந்தப் பக்கம் போனை நடுக்கூடத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ, "அட, சொல்லு தாயி" என்றார்கள்.

"ஒண்ணுமில்லை... கதவைத் தொறந்தா ஒரு தோட்டம் வரும்" என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். தோட்டத்திலிருந்து கிணற்றடிக்குப் போனாள். கிணற்றடியில் அவள் குரல் ஏறியது, கைகள் தானாக அசைந்தன. போனில் "அய்யய்யோ" என்று ஒரு பெண் கத்தினாள். செல்வக்குமார் இந்த இருபது வருடத்தில் ஒருவரையும் அப்படிக் கத்த வைத்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது. எழுந்து டீக்கடைக்குப் போகலாமா என்று நினைத்தான். ஆனால் அவள் இரண்டாவது பங்களாவின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றான்.